திரை வெள்ளையாகத்தான் இருக்கிறது

தம்பி,

திரை வெள்ளையாகிவிட்டது. போனை எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவதை அவசரப்படாமல் உட்கார்ந்து படி. இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது கிழக்கு ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான். அந்த ஜன்னல் ஓரத்தில்தான் இப்போதெல்லாம் உன் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுபட அவரைப் பற்றிப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. மெசேஜ் அனுப்பினால் நீ பாதியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பி வைப்பாய். அதனால்தான் தாளும் பேனாவும். உன் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கோயம்புத்தூர் வருகிற உன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிதல்ல. நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் மேகம் இறங்கினால் வட்டக்கானல் பாதையில் பாதி தூரம் ஏறி வந்து குடையோடு நிற்பேன். "எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்று நீ எனக்குப் பத்தடி முன்னால், யாரோ மாதிரி நடப்பாய். விருந்தாளிகளிடம் உன் அப்பா, "எங்க வீட்டம்மாவுக்குப் பயந்தான் குலசாமி, தெனமும் பூசை உண்டு" என்பார். அவர்களும் சிரிப்பார்கள், நானும் தோசையைத் திருப்பிக்கொண்டே சிரிப்பேன். புலி வருது புலி வருது என்று ஆயுசுக்கும் கத்தினவள் நான். இந்தத் தடவை நிஜமாகவே வந்திருக்கிறது. அதனால்தான் உன்னிடம் கத்தாமல் எழுதுகிறேன்.

எல்லாம் அந்தத் திரையில்தான் ஆரம்பித்தது. "பழனி மண்டபத்துல எங்க ரெண்டு பேர் போட்டோவையும் போட்டுக் காட்டணும்மா, நம்ம வீட்டுத் திரையவே கட்டுவோம்" என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நம் விடுதியில் தங்க வருகிறவர்களுக்குச் சாயங்காலம் பொழுது போகப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று உன் அப்பா வாங்கி வந்த துணித் திரை. அதற்கு முன்னால் நீ உட்கார்ந்ததைவிடக் குறுக்கே ஓடியதுதான் அதிகம். உன் தலை நிழல் பெரிதாகத் திரையில் விழும், பின்னாலிருந்து வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். எல்லோரும் ஆளுக்கொரு போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்த பிறகு அதைச் சுருட்டி, எலி கடிக்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய பெரிய பிவிசி பைப்பில் போட்டு, இரண்டு பக்கமும் மூடி வைத்தோம். இப்போது எடுத்து விரித்தால் திரை மஞ்சள் நீரில் முக்கி எடுத்த துணி மாதிரி இருந்தது. கணப்படுப்புக்குப் பக்கத்திலேயே தொங்கின திரை அல்லவா. சீகை விறகுப் புகை அத்தனையும் அதில் ஏறி, சுருட்டிய இடத்தில் இன்னும் பழுத்துக் கிடந்தது. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற ஜனத்துக்கு முன்னால், இதைக் கட்டினால் நீ கட்டப்போகிற மகாலட்சுமி முகமே காமாலை வந்தது போலத் தெரியும் என்று அன்றைக்கே வெளுக்க உட்கார்ந்தேன்.

உனக்கும் நாளைக்கு உதவும், எப்படி வெளுத்தேன் என்று சொல்கிறேன். முதலில் தண்ணீரே படக்கூடாது. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டினேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியை இரண்டு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, யாருக்கும் தெரியாத அடி ஓரத்தில் ஒற்றிப் பார்த்தேன். துணியில் டீ டிக்காஷன் நிறத்தில் அழுக்கு வந்தது. ஆஹா என்று இருந்தது. தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி தொய்ந்து, படம் போடும்போது முகமெல்லாம் கோணும். பிளீச்சிங் பவுடரையும் சொட்டு நீலத்தையும் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. இவ்வளவும் நான் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கும்போது உன் அப்பா வந்தார்.

நம் ஊரில் எதற்கும் தைலம்தான். சளிக்குத் தைலம், முழங்காலுக்குத் தைலம், எறும்புக்குத் தைலம், தரை துடைக்கிற தண்ணீரில் தைலம். நீ பேன்ட்டில் தார் ஒட்டிக்கொண்டு வந்தபோது தைலம் தொட்டு எடுத்தவர் அவர், அதில் இன்னும் ஒரு கர்வம். "சோப்புத் தண்ணியெல்லாம் என்னத்துக்காகும், இந்தா பாரு" என்று யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் நனைத்து, ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தித் துடைத்துவிட்டார். மஞ்சள் போனதா? எண்ணெய் இறங்கி, பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி அந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் கண்ணாடியாகத் தெரிந்தது. நான் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி எண்ணெயை உறியவிட்டு, மறுநாள் தட்டி, மறுபடி சோப்புத் தண்ணீரில் ஒற்றி எடுத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மூலையில் லேசாகத் தெரிந்தால் மாலை ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் தைல வாசனை வந்தால் சளி பிடித்தவர்கள் சந்தோஷப்படட்டும்.

திரும்பத் திரும்ப ஒற்றி, வெறும் தண்ணீரில் துடைத்து, வெயில் நேராகப் படாமல் விருந்தாளி அறைத் தாழ்வாரத்தில் காயப் போட்டேன். இந்த ஊரில் ஒரு துணியைக் காயவைப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியும். டால்பின் நோஸ் பக்கம் மேகம் எழும்பினால் நான் இங்கே ஓடுவேன். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை கட்டிவிடும். கடைசித் தடவை காய்ந்து முடிந்ததும் கூடத்தில் விரித்துக் கட்டினோம். நம் விடுதி வேலைக்கு வருகிற சரசு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ அக்கா, பாலு மாதிரியில்ல கெடக்கு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் உன் அப்பா உள்ளே வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மஞ்சள் அப்படியேதான் கெடக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நான் இங்கே எழுத முடியாது. கொஞ்ச காலமாகவே இப்படித்தான் தம்பி. புது வேட்டியைத் துவைத்துப் போட்டால், "நல்லா அலசலையா, பழுப்பா இருக்கு" என்பார். சோற்றைப் பார்த்து, பழைய அரிசி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். வாசலில் கோலம் போட்டால், "மாவ மிச்சம் பிடிக்கிறியா, கோடே தெரியல" என்பார். வயதாக ஆக இந்த மனிதருக்கு என்னைக் குறை சொல்வதே சோலியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். உன் கல்யாணம் நெருங்க நெருங்க, எதிலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போகிறாரே என்று அடுப்படியில் தனியாகப் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு சரசு முன்னாலேயே வெடித்துவிட்டேன். "வேணும்னே சொல்றீங்க. நான் செஞ்சது எதுவும் ஒங்களுக்கு வெள்ளையாத் தெரியாது."

"இருக்கிறதத்தானே சொல்றேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கணப்பில் அப்போதுதான் விறகு வைத்திருந்தோம். புகை பட்டு இடது கண்ணில் நீர் வந்தது போலிருக்கிறது, உள்ளங்கையால் பொத்திக் கசக்கினார். கசக்கிக்கொண்டே திரையைப் பார்த்தவர், "இப்பப் பரவால்ல, கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரியுது" என்றார். கையை எடுத்தார். "இல்ல, மஞ்சள்தான்." வெளியே மேகம் போய் வருகிறது, வெளிச்சம் மாறுகிறது என்று அவர் நினைத்தார். ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்த்தார். வெளியே வெளிச்சம் மாறவே இல்லை தம்பி. நல்ல வெயில்.

நான் கோபத்தை எல்லாம் மறந்துவிட்டு, "ஏங்க, இப்ப வலது கண்ணப் பொத்துங்க" என்றேன். "என்னத்துக்கு?" என்றார். "சும்மா பொத்துங்க." பொத்தினார். திரைக்கு இன்னும் கிட்டே போய் நின்றார். பிறகு, "பெருமாள்மலைல மேகத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கையை இறக்கிவிட்டு, என்னையும் பார்க்காமல், திரையையும் பார்க்காமல் வெளியே போனார். சரசு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பாலாக வெளுத்த திரைக்கு முன்னால் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவர் குறை சொன்ன வேட்டி, சோறு, கோலம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

கண்புரையாகத்தான் இருக்கும். உன் பெரியம்மாவுக்கு எடுத்தார்களே, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், "இந்தச் சுவரு நீலமாடி? பச்சைன்னுல்ல இத்தன நாளும் நெனச்சிருந்தேன்" என்று சிரித்தாளே. எனவே நோயை நினைத்து நான் பயப்படவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும். ஆனால் "கல்யாணம் முடியட்டும், பாப்போம்" என்கிறார். கல்யாணத்துக்கு நாம் மலை இறங்க வேண்டும். உனக்குப் பெண் பேசி முடித்த அன்றைக்கே, "என் மகன நாந்தான் எறக்கிக் கொண்டு போயி மணவறையில விடுவேன், வேற ஒரு பய ஸ்டியரிங்கத் தொடக் கூடாது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பழனிக்கு இறங்குகிற மலைப்பாதை, மத்தியானத்துக்கு மேல் மேகம், சவாரிக்கு அவர் ஓட்டுகிற நம் ஜீப்புக்குள் நீ, நான், உன் மாமா, மாமா பிள்ளைகள்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். போன மாதம் சாமான் வாங்கிவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்தோம். லேசான மேகம்தான். சாலை ஓரமாக விறகுக் கட்டோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். நான் அவளை எப்போதோ பார்த்துவிட்டேன். அவர் மிகவும் கிட்டத்தில் போன பிறகுதான் வண்டியை ஒடித்தார். அவள் கட்டைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி நின்று வைதாள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதில் எங்களுக்குள் ஏதோ வாக்குவாதம், அந்தக் கோபத்தில் ஓட்டுகிறார் என்று நான் நினைத்து வாயை மூடிக்கொண்டேன். முன் பம்பரில் புதிதாக நெளிசல் இருந்ததற்கு, "நிறுத்தின எடத்துல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றதையும் நம்பினேன். இருட்டின பிறகு சவாரிக்குப் போவதை நிறுத்தினதற்கு, "எதுக்க வர்ற பயலுக லைட்ட மூஞ்சிலயே அடிக்கிறானுக" என்றதையும் நம்பினேன். உனக்கு வண்டி பழக்கியபோது அவர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? மேகத்துக்குள் பாட்டை நிறுத்து, கண்ணாடியை இறக்கு, வளைவில் காதைக் கொடு, கீழே இருந்து கியர் மாற்றுகிற சத்தம் வருகிறதா கேள். "கண்ணு ஏமாத்தும்டா, காது ஏமாத்தாது." அப்போது அதைப் பெரிய வித்தை என்று நாம் இருவரும் ரசித்தோம். இப்போது யோசித்தால், இந்த மனிதர் எத்தனை மாதமாக வெயிலிலும் காதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாரோ, தெரியவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஜீப் சாவியை ஒளித்துவிட்டேன். திரையை மறுபடி சுருட்டிப் பைப்புக்குள் வைத்தபோது அதையும் கூடவே போட்டு மூடியைத் திருகிவிட்டேன். அந்தத் திரை மேல் அவருக்கு இருக்கிற கடுப்புக்கு அதைத் தொடவே மாட்டார் என்று கணக்குப் போட்டேன். வேடிக்கை என்னவென்றால், அவர் இதுவரை சாவியைத் தேடவே இல்லை. சவாரி கேட்டு வந்தவர்களிடம், இடுப்புப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வேறு வண்டிக்குக் கைகாட்டிவிட்டார். ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மலை இறங்குகிற அன்றைக்குத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் கேட்பார். நான் இல்லை என்றால் வாழ்நாளுக்கும் அவமானம், கொடுத்தால் என்ன ஆகுமோ. எனக்கு இரண்டுக்கும் தைரியம் இல்லை.

கல்யாணத்துக்கு நாளிருக்கும்போதே நீ வெள்ளனே வந்துவிடு தம்பி. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. வந்து, சாவியை நீயே கேள். அதிகாரமாகக் கேட்காதே, "ஒங்களுக்கு வயசாயிருச்சுப்பா" என்று மட்டும் தப்பித்தவறியும் சொல்லிவிடாதே. நீ கேட்கிற விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒரு புத்தியும் சொல்கிறேன். நாளைக்கு மகாலட்சுமி உன்னைக் குறை சொல்வாள், நீயும் அவளைச் சொல்வாய், அது இல்லாத வீடு கிடையாது. ஆனால் சுத்தமாகத் துவைத்த துணியை ஒரு ஆள் அழுக்கு என்றால், உடனே என் மாதிரி துணிக்காகச் சண்டைக்கு நிற்காதே. சொல்கிற ஆளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவை பார். நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதி முடித்து மடிக்கப் போகும்போது உன் அப்பா டீ கேட்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். "யாருக்கு எழுதுற?" என்றார். "ஒங்க மகனுக்குத்தான்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினார். தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், கதவு வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். "கோழி கெளறின மாதிரி எழுதிருக்க, நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார். என் கையெழுத்து எப்போதும் போலத்தான் இருக்கிறது தம்பி. நான் சண்டை பிடிக்கவில்லை.

படித்தேன். டீயைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் படித்தேன். தைலத்தைப் படித்தபோது, "முக்காவாசி போயிருச்சுல்ல, அதயும் படி" என்றார். விறகுக்காரி வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். காதை வைத்து ஓட்டினார் என்று எழுதின இடத்தில் டீயை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். முடித்ததும் ஒரு வாய் குடித்தார். பிறகு, "இந்தா, ஒரு எடத்துல படிக்காமத் தாண்டிட்டியே" என்றார்.

"எங்க தாண்டுனேன்?"

"சாவி பைப்புக்குள்ள கெடக்குன்னு எழுதிருப்பியே, அந்த எடத்துல."

சாவியை ஒளித்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டுத்தான் படித்திருந்தேன். "தெரியுமா ஒங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும். தரையில ஈரம் ஏறும்னு அந்தப் பைப்பத் தூக்கிப் பரண்ல வச்சேன்ல, உள்ள கலகலன்னுச்சு. கண்ணுதான மங்கிருக்கு, காது நல்லாத்தான் கேக்குது."

"அப்ப ஏன் எடுக்கல?"

டம்ளரைக் கீழே வைத்தார். "பயம் ஒனக்கு மட்டுந்தான்னு நெனச்சியா?" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்து தாளில் விழுந்துவிட்டது, மேலே மை கலைந்திருப்பது அதனால்தான். அவர் ஜன்னலுக்குத் திரும்பிப் போகவில்லை. மணைப் பலகையை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எழுது" என்றார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அவன வெரசா வரச் சொல்லு. பரண்ல இருந்து பைப்ப அவனே எறக்கட்டும், சாவிய அவனே எடுக்கட்டும். வண்டிய அவன் எறக்குறப்ப சவரிக்காட்டு வளைவு தாண்டுற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன், பெறகு அவன் பாத்துக்கிருவான். அப்புறம், அந்தத் திரைய முழுசா விரிச்சுப் பாக்கச் சொல்லு. நெசமாவே வெள்ளையா இருந்தா எங்கிட்டச் சொல்லட்டும். ஒங்கிட்டச் சொல்ல வேணாம், நீ ஆடுவ."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். சீக்கிரம் வந்து சொல் தம்பி.

அம்மா